மரியா மாண்டிசோரி அம்மையார்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் பலரும் இராசகிரியின் உச்சியையும் கலியாண மகாலின் அடுக்குகளையும் நோக்கி வியந்து திரும்புவரேயன்றி, அதற்கு அணித்தேயுள்ள சிங்கவரத்திற்குச் செல்வோர் சிலரே. அங்கே பல்லவர் காலத்துக் குகைக் கோயிலொன்று உளது. பள்ளிகொண்ட அரங்கநாதர் திருவுருவம் குன்றினின்றும் பிரிக்கப்படாமல் அப்பாறையிலேயே செதுக்கப்பட்டிருத்தலைக் காண்போர், இதனைச் செய்த கைகள் எத்தகையனவோ என்று எண்ணாதிரார். அக்கைகளுக்குரியோர் பெயர்களை நாம் அறியோம். ஆயினும் அவர்களும் ஒரு காலத்தில் மண்ணளைந்து விளையாடிய சிறுவர்களாகவே இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

சில ஆண்டுகட்கு முன், கோடை விடுமுறையில் நாம் அவ்வூரில் ஒரு திங்கள் தங்கியிருந்தோம். மாலைதோறும் திண்ணையில் சிறுவர் சிலரைக் கூட்டி எழுத்தறிவிக்க உடன்பட்டோம். அவர்களோ பனைமட்டையைக் குதிரையாக்கித் தேசிங்கு ராஜனாய்த் தெருவெங்கும் ஓடுவதிலும், நுங்கு தின்று எஞ்சிய குடுக்கைகளைச் சக்கரமாக்கி வண்டி உருட்டுவதிலுமே கருத்தூன்றியிருந்தனர். ஆறு வயதுச் சிறுவனொருவன் ஒருநாள் ஈரமண்ணால் ஒரு சிறு தேர் செய்து கொண்டுவந்து திண்ணையோரத்தில் வைத்தான். பாடத்திற்கு இடையூறென்று நாம் அதனைக் கையால் ஒதுக்கினோம். தேர் உடைந்தது. அச்சிறுவன் அழவில்லை, ஆனால் அன்று பலகையைத் தொடவுமில்லை, மறுநாள் வரவுமில்லை. நாம் செய்த பிழை யாதென்று அன்று நமக்கு விளங்கவில்லை. பின்னர், ஓர் அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தபோதே அது விளங்கிற்று. அவ்வரலாற்றையே இங்கு மாணவ நேயர்கட்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

குழந்தையின் விளையாட்டைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. தச்சன் செய்த சிறு தேரில் ஏறிச் செல்லமாட்டாராயினும், அதைக் கையால் இழுத்து மகிழும் சிறுவரைக் குறுந்தொகைப் பாட்டொன்று காட்டுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வச் சிறுவர் உருட்டிய மூன்று காற் சிறுதேரைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் சிறுபறை கொட்டலையும் சிறுதேர் உருட்டலையும் சிற்றில் சிதைத்தலையும் தனித்தனிப் பருவங்களாகவே வகுத்தனர். இவ்வளவும் இருந்தும், விளையாட்டுப் புத்தி என்பது நம் வீடுகளில் வசைமொழியாகவே வழங்கிவருகின்றது. பாட்டில் போற்றியதைப் பள்ளியில் மறந்தோம். அம்மறதியை உலகிற்கு உணர்த்தியவருள் தலையாயவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

இவர் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலிய நாட்டில் அங்கோனா மாகாணத்தைச் சார்ந்த கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகத்தினர். பழைய வழக்கங்களில் பற்றுடையவர். தாயார் ரெனில்தே நூற்பயிற்சியும் விரிந்த நோக்கமும் வாய்ந்தவர். மரியா ஐந்து வயதினராயிருக்கும்போது குடும்பம் உரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் கல்வி கற்ற பெண்களுக்கு ஆசிரியர் தொழிலொன்றே உரியதெனக் கருதப்பட்டது. அதனையே தமக்கு வேண்டாவென்று மறுத்த இவர், 13-ஆம் வயதில் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழிற்கலைப் பள்ளியிற் சேர்ந்து, எந்திரவியல் பயில விரும்பினார். ஆசிரியத் தொழிலை வெறுத்து விலகிய இவரே பிற்காலத்தில் உலக ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியராக விளங்கியது வியப்பன்றோ!

பின்னர் இவர் உள்ளம் மருத்துவத்தின்பாற் சென்றது. தந்தையார் உடன்படவில்லை, உடன்பயின்ற மாணவரும் எள்ளினர். ஆடவர் நடுவில் பெண்ணொருத்தி பிணத்தை அறுத்துச் சோதித்தல் தகாதென்று கருதப்பட்டமையால், எல்லாரும் சென்றபின் பிணவறையில் தனித்திருந்து அப்பயிற்சியை அவர் செய்யவேண்டியதாயிற்று. அச்சமும் அருவருப்பும் தோன்றியும் மனந்தளராமல் கற்று, 1896-இல் உரோமைப் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணிகளுள் இவர் ஒருவர். அவ்வாண்டிலேயே பெர்லின் நகரில் கூடிய மகளிர் மாநாட்டில், ஒத்த வேலைக்கு ஒத்த கூலி பெண்களுக்கும் வேண்டுமென்று பேசினார்.

பட்டம் பெற்றபின் உரோமையின் மனநோய் மருத்துவசாலையில் பணிபுரியலானார். அக்காலத்தில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பித்தர்களோடு ஒரே விடுதியில் அடைத்து வைத்திருந்தனர். அத்தகைய வெற்றறை ஒன்றில் இருந்த குழந்தைகள், உண்டபின் தரையிற் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கித் திரிந்தனரென்றும், காவற்பெண் அதனைப் பேராசை என்று இகழ்ந்தனளென்றும் கூறுவர். அம்மையார் அவ்வறையைச் சுற்றி நோக்கினார். அங்கே கையாற் பற்றுதற்குரிய பொருள் ஒன்றேனும் இல்லை. வயிற்றுப் பசியன்று, கையின் பசியே அவர்களை வருத்துகின்றதென அவர் தெளிந்தார்.

இதுபற்றி அவர் பிரான்சு நாட்டு மருத்துவர்களாகிய இத்தார், செகுவின் என்னும் இருவர் நூல்களையும் ஆழ்ந்து கற்றார். புலன்களின் வழியாகவும் கைத்தொழிலின் வழியாகவும் அறிவைத் தூண்டலாம் என்பது அவர்கள் துணிபு. 1900-இல் தொடங்கப்பெற்ற பள்ளியொன்றில் இம்முறையை இவர் கையாண்டார். அறிவிலிகள் எனத் தள்ளப்பட்ட குழந்தைகளுள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, ஏனைப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்விலும் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணி வருந்தினார். குறையுடைய குழந்தைகளே இவ்வளவு முன்னேறக் கூடுமாயின், குறையில்லாத குழந்தைகள் அவர்களோடு ஒத்த நிலையிலேயே நிற்கும்படி அவர்களைப் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கின்றன என்பதே அவருடைய கவலை.

இவ்விடத்தில் அவர் வாழ்க்கையின் துயரமொன்றையும் மறையாது கூறுதல் வேண்டும். உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவரோடு கொண்ட அன்பின் பயனாய் 1898-இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். திருமணம் நிகழவில்லை. அக்காலத்துச் சமூகம் பழிக்கும் என்பதனால் மாரியோ என்னும் அக்குழந்தை நாட்டுப்புறத்துக் குடும்பமொன்றில் வளர்க்கப்பட்டது. தாயார் இறந்தபின்னரே, ஏறத்தாழ 15 வயதில், மகன் தாயை வந்தடைந்தான். ஊரார் குழந்தைகளை உலகறிய வளர்த்தவர் தம் குழந்தையின் இளமையை அருகிருந்து காணும் பேறு பெற்றிலர். பின்னர் அம்மகனே அவருக்கு இறுதிவரை உற்ற துணையாயினான்.

உரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் பகுதி வறுமைக்கும் குற்றத்திற்கும் பெயர்போனது. அங்கே வீடுகளைப் புதுப்பித்த கட்டடக் கழகத்தார், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுவர் சுவர்களைக் கெடுத்தல் கண்டு, அவர்களை ஓரிடத்தில் வைத்துப் பாதுகாக்கக் கருதி அம்மையாரை அழைத்தனர். அவ்வாறு 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் முதற் குழந்தைகள் இல்லம் திறக்கப்பெற்றது. மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 50 குழந்தைகள் வந்து கூடினர். மேற்பார்த்தவளோ ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண். பெருஞ் செல்வமும் பேராசிரியர்களும் இன்றி, வெட்கிக் கண்ணீருகுத்து நின்ற ஏழைக் குழந்தைகளைக் கொண்டே அவ்வேலை தொடங்கிற்று.

அவ்வில்லத்தின் கருவிகளுள் இரண்டினை மட்டும் ஈண்டு விளக்குவோம். ஒன்று, பத்துக் குழிகளையுடைய மரக்கட்டை. அளவில் வேறுபட்ட பத்து உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் இடுதல் வேண்டும். ஒன்றை மாற்றி இட்டால் இறுதியில் ஓருருளை இடமின்றி நிற்கும், பிழையை ஆசிரியர் எடுத்துக்காட்ட வேண்டுவதில்லை, கட்டையே காட்டும். மற்றொன்று, ஒரு சென்டிமீட்டர் முதல் பத்துச் சென்டிமீட்டர் வரை பக்கமுடைய பத்துக் கனசதுரங்களாலாகிய கோபுரம். அவற்றை வரிசையாய் அடுக்கும் குழந்தை, சிறியது பெரியது என்னும் சொற்களைக் கேட்குமுன்பே அவற்றின் பொருளைக் கண்ணாலும் கைப்பாரத்தாலும் அறிந்துகொள்ளும்.

ஒருநாள் மூன்று வயதுச் சிறுமியொருத்தி உருளைகளை எடுத்தும் இட்டும் இருந்தனள். அம்மையார் அவள் மன ஒருமையைச் சோதிக்கக் கருதி, ஏனைய குழந்தைகளைப் பாடிக்கொண்டு சுற்றிவரச் செய்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கருவியை மடியிற் பற்றிக்கொண்டு மீண்டும் தொடர்ந்தனள். நாற்பது முறைக்குமேல் அதனையே செய்து, பின் இளைப்பாறி எழுந்தவள்போல் மகிழ்ந்து நோக்கினள். குழந்தைக்கு நிலைத்த கவனம் இல்லை என்று ஆசிரியர் கூறும் குறை, குழந்தையினுடையதன்று என்பதை அம்மையார் அன்று கண்டார். தக்க பொருள் கைக்கு எட்டுமாயின் கவனம் தானே வரும்.

பிறிதொரு நாள் அவ்வில்லத்துப் பெண் காலந்தாழ்த்து வந்தபோது, பூட்ட மறந்த அலமாரியைத் திறந்து குழந்தைகள் தாமே தமக்குரிய கருவிகளை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். அவள் அதனைத் திருட்டென்றனள். அம்மையாரோ, எதனை வேண்டுமென்று தெரிந்துகொள்ளும் அறிவு அவர்கட்கு வந்துவிட்டதென்று மகிழ்ந்து, உயர்ந்த பூட்டிய அலமாரியை நீக்கிக் குழந்தைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகளை வைப்பித்தார்.

எழுத்துக் கற்பித்த முறையும் அறியத் தக்கது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தடவி, அவற்றின் ஒலியைச் சொல்லி மகிழ்ந்தனர். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய வழக்கம் இங்கு நினைவிற்கு வருகின்றது. எழும்பூர் அனாதைப் பள்ளியின் தலைவராயிருந்த ஆண்ட்ரு பெல் என்பார் அம்மணலெழுத்தைக் கண்டு கையாண்டு, 1797-இல் இங்கிலாந்தில் நூலெழுதிப் பரப்பினார் என்பதும் நினைக்கத் தகும். அம்மையாரின் இல்லத்தில் 1907 திசம்பர்த் திங்களில் வெயில் இனிதெறித்த ஒருநாள், மாடித் தளத்தில் ஐந்து வயதுச் சிறுவனொருவனிடம் சுண்ணக்கோலைக் கொடுத்துப் புகைபோக்கியைச் சித்திரிக்கச் சொன்னார். அவன் வரைந்து முடித்து, அம்மையார் ஊக்கியபோது, திடீரெனத் தனக்கு எழுதத் தெரியும் என்று கூவித் தரையில் ஒரு சொல்லை எழுதினான். எழுதென்று அவனுக்கு ஒருவரும் கற்பித்திலர். அவன் எழுதிய அம்முதற் சொல் கை என்பதாகும். அடுத்துப் புகைபோக்கி என்றும், கூரை என்றும் எழுதினான். அன்றுமுதல் குழந்தைகள் சுவரிலும் கதவிலும் தரையிலும் எழுதலாயினர்.

குழந்தைகள் மண்ணால் வனைதலையும் அவர் தம் இல்லத்திற் சேர்த்தார். உரோமையில் பிரான்செசுக்கோ ராந்தோனே என்னும் கலைஞர் சிறுவர்க்கு மட்கலத் தொழில் பயிற்றிய பள்ளியைக் கண்டு, அம்முறையைத் தாமும் மேற்கொண்டார். குழந்தைகள் சிறு கலங்கள் வனைந்தனர். சிறு செங்கற்கள் அறுத்துச் சூளையிட்டு, சுவரும் எழுப்பினர். கலத்திற்கு வாய், கழுத்து, கைப்பிடி என ஒவ்வொன்றாய்க் கூட்டிச் செய்கையில், தானே ஒரு வடிவத்தைக் கருதிப் படைக்கும் ஆற்றல் குழந்தைக்கு உண்டாகின்றது.

1909-இல் இவர் முதல் நூலை வெளியிட்டார். 1912-இல் அது ஆங்கிலத்தில் வந்தது. 1915-இல் சான் பிரான்சிசுகோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவருடைய வகுப்பறையொன்று அமைக்கப்பெற்று, குழந்தைகள் வேலை செய்தலை மக்கள் திரள்திரளாய் நின்று கண்டனர். ஆயினும் மறுப்புக்களும் எழாமலில்லை. அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக்கு 1914-இல் எழுதிய நூலில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரே வகைப் பயன் வகுத்தமையால் கற்பனைக்கும் கூடி விளையாடுதற்கும் இடம் குறைந்துபோயிற்றென்றார். இம்மறுப்பில் உண்மை ஒருபாலுண்டு என்றே நாமும் கருதுகின்றோம். 1837-இல் செருமானிய நாட்டில் சிறுவர் பள்ளியைத் தொடங்கிய பிரேபல், கட்டையை வீடாகவும் குதிரையாகவும் பாவிக்கும் விளையாட்டிற்கு இடமளித்தார். மாண்டிசோரி அம்மையாரோ பாவனை விளையாட்டை அத்துணை மதித்திலர். பனைமட்டையைக் குதிரையாக்கும் சிங்கவரத்துச் சிறுவனை அவர் கண்டிருப்பின், உண்மைக் குதிரையைப் பேணக் கற்பித்தல் நன்றென்றிருப்பர் போலும்! எனினும், படைப்பதற்குக் கையும் கண்ணும் முதலில் பழக வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதை மறுப்பார் இலர். பாவனை ஒரு சிறகெனின் பழக்கம் மற்றொரு சிறகாம்.

அரசியற் புயல்களும் அவரை விட்டில. இத்தாலிய நாட்டை முசோலினி ஆண்ட காலத்தில் 1924 முதல் அரசு அவர் பள்ளிகளை ஆதரித்தது. அவரும் அவ்வாதரவை ஏற்றுக்கொண்டார். இது குறித்து அவரைக் குறைகூறுவாருளர். ஆனால் தாமே சிந்திக்கும் குழந்தைகளும், ஆணைக்கு அடங்கி அணிவகுக்கும் ஆட்சியும் நெடுநாள் ஒத்திருத்தல் இயலாது. 1934-இல் அங்கே அவர் பள்ளிகள் மூடப்பட்டன. 1936-இல் இசுபெயின் நாட்டு உள்நாட்டுப் போர் அவரைப் பார்சிலோனாவினின்றும் துரத்திற்று. பின்னர் ஒல்லாந்து நாட்டில் தங்கினார்.

அந்நிலையில் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, 1939 நவம்பரில், 69-ஆம் வயதில், அம்மையார் மகனோடு சென்னைக்கு வந்தார். அடையாற்றில் நிகழ்ந்த முதற் பயிற்சி வகுப்பிற்கு இந்தியாவின் பல பகுதிகளினின்றும் 300-க்கு மேற்பட்ட ஆசிரியர் வந்து கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940 சூனில் இத்தாலி போரிற் புகுந்ததும், இருவரும் பகைநாட்டாராயினர். மாரியோ அகமதுநகரில் காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று எல்லைக்குள் இருக்குமாறு பணிக்கப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், அவருடைய 70-ஆம் பிறந்தநாளன்று, மாரியோவை விடுவித்ததாக இராசப்பிரதிநிதியிடமிருந்து செய்தி வந்தது. முதுமையில் ஒரு தாய்க்கு இதனினும் சிறந்த பரிசு வேறு யாது?

போர்க் காலத்தில் கோடைக்கானலில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே பல வயதுக் குழந்தைகளும் ஒருங்கு கூடினர். மலையின் இலைகளும் மலர்களும் சிற்றுயிர்களுமே பாடக் கருவிகளாயின. உலகிலுள்ள யாவும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்னும் பெருங்கருத்தை ஆறு வயதிற்கு மேற்பட்ட குழந்தைகட்கு ஊட்டும் கல்விமுறை அங்கேதான் உருப்பெற்றது. 1944-இல் இலங்கைக்குச் சென்றும் பயிற்சியளித்தார். இந்திய நாட்டில் அவரிடம் பயின்ற ஆசிரியர் ஆயிரவருக்கு மேற்பட்டவராவர். 1946-இல் ஐரோப்பா திரும்பி, 1947-இல் மீண்டும் இந்நாட்டிற்கு வந்தார். குழந்தை உள்ளத்தைப்பற்றிய அவருடைய சிறந்த நூலொன்று 1949-இல் சென்னையிலேயே அச்சேறிற்று என்பது நமக்குப் பெருமை தருவது. 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், ஒல்லாந்து நாட்டு நோர்ட்விக்கு என்னும் கடற்கரையூரில், 81-ஆம் வயதில் இவ்வுலகு நீத்தார்.

அவர் மறைந்து 70 ஆண்டுகட்கு மேலாயின. அவர் பெயர் நம் ஊர்களிற் பல பெயர்ப்பலகைகளில் விளங்குகின்றது. ஆனால் பலகையில் பெயர் இருத்தல் வேறு, அலமாரி குழந்தையின் கைக்கு எட்டியிருத்தல் வேறு. அவர் வகுத்த கருவிகள் விலைமிக்கன என்பாருளர், அது மெய்யே. எனினும், சான் லொரென்சோவில் கற்றவர் செல்வர் வீட்டுப் பிள்ளைகளல்லர். நம் நாட்டுப்புறத்தில் களிமண்ணும் புளியங்கொட்டையும் பனையோலையும் விலையின்றிக் கிடைக்கின்றன. புள்ளியெண்ணிக் கோலமிடும் சிறுமி, ஒரு புள்ளி பிசகினால் இழை சேராமை கண்டு தானே திருத்துகின்றாள். உருளைக் கட்டை கற்பிக்கும் பாடமும் அதுவே. குறைவு பொருளிலன்று, பார்க்கும் கண்ணிலேயே உளது.

மறு ஆண்டு விடுமுறையில் நாம் சிங்கவரத்திற்கு மீண்டும் சென்றோம். அச்சிறுவனைத் தேடிச் சென்று, நுங்கு வண்டி செய்யத் தெரியவில்லையென்றும், கற்றுத்தர வேண்டுமென்றும் கேட்டோம். அவன் முதலில் நம்பவில்லை. நாம் குடுக்கையில் துளையிட்டபோது அது நடுவினின்றும் விலகியது; வண்டி தள்ளாடிற்று. அவன் சிரித்து, வேறொரு குடுக்கையை எடுத்து, விரலால் நடுவை அளந்து காட்டினான். வட்டத்தின் மையம் என்பதை நாம் புத்தகத்திற் படித்திருந்தோம். அவன் கையால் அறிந்திருந்தான். பின்னர் ஏரிக்கரை மண்ணைப் பிசைந்து, கயிறுபோல் திரித்து, டகரமும் பகரமும் அமைத்தோம். அவனும் அமைத்தான். மூன்றாம் நாள், தான் செய்த புதிய தேரின் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தை மண்ணால் ஒட்டிக் கொண்டுவந்தான். அதனைத் திண்ணையின் நடுவில் வைத்தோம். அன்றைய பாடம் அத்தேரைச் சுற்றியே நடைபெற்றது.